அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்க மாட்டேன் என்கிற பெண்கள்: ஊர் வாட்ஸ்அப் குழுக்களை என்ன செய்வது?

முன்னாள்_வார்டு | வெள்ளி, இரவு 9:10

2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்து வார்டு உறுப்பினராக இருந்தவள் நான். 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்தது. ஊர் கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் பக்கம், அதற்கு மேல் சொல்லவில்லை.

அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் நல்ல ஆட்கள் தயாராக இருக்க வேண்டுமே என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலரிடம் இப்போதே பேசிப் பார்த்தேன். ஒருத்தி பி.எட். முடித்தவள், கணக்கு வழக்கில் கெட்டி. ஒருத்தி சுயஉதவிக் குழு ஊக்குநர், பேங்க் மேனேஜரிடம் நேருக்கு நேர் நின்று பேசக்கூடியவள். இன்னொருத்தி பால் சொசைட்டியில் இருக்கிறாள். மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி, "நமக்கு எதுக்குக்கா அந்த வம்பு?" என்றார்கள். செலவைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவைப் பற்றித்தான் கேட்டார்கள்.

காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மூடாமல் போட்டிருந்தார்கள். அந்த பி.எட். பெண் அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, இது யார் பொறுப்பு என்று கேட்டாள். அரை மணி நேரத்தில் பள்ளத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவள் எத்தனை மணிக்கு பஸ்சிலிருந்து இறங்குகிறாள், யார் பைக்கில் வந்தாள், புருஷன் சவுதியில் இருக்கும்போது இவளுக்கு என்ன ஊர்ப் பொறுப்பு என்று பேச்சு போயிற்று. கல்யாண ஆல்பத்திலிருந்து அவள் படத்தை வெட்டி ஒட்டி ஒரு மீம் வேறு. அதன் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். "லே, நிறுத்துங்கடே" என்று ஒருத்தர் எழுதவில்லை. மறுநாள் எனக்குத் தனியாக மட்டும் பல பேர், "பாவம் அந்தப் பிள்ளை" என்று செய்தி அனுப்பினார்கள்.

நான் நின்றபோதும் சாயாக்கடையில் என்னைப் பற்றிப் பேசத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு கடை அடைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். இந்த மீம் அவள் மகன் வளர்ந்து போன் வாங்கும்போதும் யாரோ ஒருத்தர் கையில் இருக்கும். பேசுகிற ஆட்களும் மாறிவிட்டார்கள். அப்போது வயசான ஆட்கள். இப்போது முன்னால் நிற்பது இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள்.

கேஸ் போடுவது பற்றி அப்புறம் பேசலாம். பார்த்துக்கொண்டு சும்மா இருந்த அந்த இருநூறு பேர் என்ன செய்திருக்க வேண்டும்? அதுதான் என் கேள்வி.

பார்வதிபுரம்_பாலம் | வெள்ளி, இரவு 9:48

நடந்தது வருத்தம்தான் அக்கா. ஆனால் நம்ம மாவட்டத்தைப் பற்றி இப்படி ஒரு படம் காட்டுவது சரியா? 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆயிரம் ஆணுக்கு 1019 பெண். 1957இல் குளச்சலில் ஜெயித்த லூர்தம்மாள் சைமன் காமராஜர் அமைச்சரவையில் மந்திரி. உள்ளாட்சித் துறையே அவர் கையில்தான் இருந்தது. 2024 விளவங்கோடு இடைத்தேர்தலில் நாலு பெரிய கட்சிகளும் பெண்களைத்தான் நிறுத்தின. வேறு எந்த மாவட்டத்தில் இப்படி நடந்தது?

நாலு பொறுக்கிப் பயல்கள் எழுதியதை வைத்துக்கொண்டு பெண் வெறுப்பு பெருகிவிட்டது என்பது கொஞ்சம் அதிகம். குழுவில் ஆண்களையும்தான் கிழிக்கிறார்கள். பிளாக் பண்ணிவிட்டுப் போக வேண்டியதுதானே.

கணக்கு_டீச்சர் | வெள்ளி, இரவு 10:15

அண்ணே, ஆண்களைக் கிழிப்பதையும் நான் பார்க்கிறேன். காண்ட்ராக்டில் எவ்வளவு அடித்தான், எந்தக் கட்சிக்குத் தாவினான் என்று கிழிப்பார்கள். அவன் எத்தனை மணிக்கு பஸ்சை விட்டு இறங்கினான் என்று யாரும் கேட்பதில்லை. பெண் என்றால் அவள் கேட்ட கேள்வியை ஒதுக்கிவிட்டு அவள் உடம்புக்கும் நடத்தைக்கும் போய்விடுகிறார்கள்.

இது நாலு பொறுக்கிகள் சமாச்சாரமும் இல்லை. 2019 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் 95 பெண் அரசியல்வாதிகளுக்கு வந்த ட்வீட்டுகளை ஆம்னெஸ்டி இந்தியா என்கிற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்தது. ஏழில் ஒன்று வசவு அல்லது அதற்குப் பக்கத்தில் வருகிற ரகம். பெரிய கட்சி, வக்கீல், உதவியாளர் எல்லாம் உள்ளவர்களுக்கே அந்தக் கதி. கீழே வார்டுக்கு நிற்க நினைக்கிற பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

பிளாக் பண்ணச் சொல்கிறீர்கள். ஊர்க் குழுவை விட்டு அவள் வெளியே போனால் தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும், ரேஷனில் என்ன போடுகிறார்கள் என்கிற செய்தியும் அவளுக்கு வராது. அசிங்கம் பண்ணினவன் குழுவிலேயே இருப்பான், அவள் பக்கத்து வீட்டில் போய் தண்ணீர் விவரம் கேட்டுக்கொண்டு நிற்பாள். நல்ல நியாயம்.

சாயாக்கடை | வெள்ளி, இரவு 10:22

எங்கள் குடும்பக் குழுவில் பெண்கள் டிபியைப் பாருங்கள். ஒருத்தருக்கு ரோஜா, ஒருத்தருக்கு மாதா, ஒருத்தருக்கு முருகன், ஒருத்தருக்குப் பேரன். ஆண்கள் எல்லோரும் கூலிங்கிளாஸ் போட்டு மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நிற்கிறோம். 91.75 சதவீதத்தின் லட்சணம்.

பெயர்_வேண்டாம் | வெள்ளி, இரவு 11:30

நான் இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இதற்கு எழுதத் தோன்றியது.

என் மேல் ஒரு மீம் வந்தது. காரணம் சொன்னால் ஆள் தெரிந்துவிடும், விடுங்கள். வெளியே இருந்து பார்ப்பவர்கள் அந்தப் படம்தான் பாதிப்பு என்று நினைக்கிறார்கள். படத்தைப் பார்த்து ஒரு ராத்திரி அழுதேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிசு. மாமியார் ஒன்றும் திட்டவில்லை. "இனி சாயங்காலம் டைப்ரைட்டிங் கிளாஸ் வேண்டாம் மக்களே, ஊர் வாய் பொல்லாதது" என்றார்கள், அன்பாகத்தான். வீட்டுக்காரர் துபாயிலிருந்து போன் பண்ணி, பேஸ்புக்கை எடுத்துவிடு என்றார், அதுவும் அன்பாகத்தான். நான் பேஸ்புக்கில்தான் வீட்டில் தைக்கிற நைட்டியும் சுடிதாரும் விற்றுக்கொண்டிருந்தேன். கையில் வந்துகொண்டிருந்த காசு நின்றது. கிளாஸ் நின்றதால் டிஎன்பிஎஸ்சி ஆசையும் போயிற்று. பஸ் ஸ்டாப்பில் யாராவது போனைப் பார்த்துச் சிரித்தால் என்னைத்தானோ என்று வயிற்றைப் பிசையும். இத்தனைக்கும் மீம் போட்டவன் யார் என்று ஊருக்கே தெரியும். அவன் வழக்கம்போலப் பந்து விளையாடப் போகிறான். அவன் வீட்டில் யாரும் அவன் போனை வாங்கி வைக்கவில்லை.

என்னிடம் ஒருத்தர்கூட, "உனக்கு என்ன செய்யணும் என்று தோணுது?" என்று கேட்கவில்லை. எல்லோரும் அவர்களாகவே முடிவெடுத்து என்னிடம் சொன்னார்கள்.

முன்னாள்_வார்டு | வெள்ளி, இரவு 11:41

தங்கச்சி, தனிச் செய்தியில் என் நம்பர் அனுப்பியிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை.

குளச்சல்_காற்று | சனி, காலை 6:20

கடற்கரையிலிருந்து ஒரு விஷயம். 2021 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? மீன் விற்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிய வயதான அம்மா ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று குளச்சல் பஸ் நிலையத்தில் அரசு பஸ்சிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்தம்மா பேசாமல் வீட்டுக்கு நடக்கவில்லை. பஸ் நிலையத்தில் நின்று சத்தம் போட்டு நியாயம் கேட்டார். யாரோ ஒருத்தர் அதை வீடியோ எடுத்துப் போட்டார். முதலமைச்சர் கண்டித்து அறிக்கை விட்டார். டிரைவர், கண்டக்டர், நேரக் காப்பாளர் மூன்று பேரும் சஸ்பெண்ட் ஆனார்கள்.

அந்த வீடியோ எடுத்த ஆளைத்தான் நான் நினைத்துக்கொள்வது. அவர் சண்டைக்குப் போகவில்லை, உபதேசம் பண்ணவில்லை. நடந்ததைப் பதிந்தார், அந்தம்மா சொன்னதை அவர் குரலிலேயே வெளியே கொண்டுபோனார். அக்கா கேட்ட இருநூறு பேருக்கு அதில் கொஞ்சம் பதில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் தலையில் மீன் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்று, பேரம் பேசி, கடனும் வசூலித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள். அந்த வாயைப் பார்த்து, 'மீன்காரி மாதிரி கத்தாதே' என்று மற்ற பெண்களை அடக்குகிற படித்த வீடுகள் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர்பால் | சனி, காலை 8:05

எனக்கு 24 வயசு. அக்கா சொன்ன இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள் என் செட்டுதான், அதனால் எழுதுகிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

என் கூட்டாளி ஒருத்தன் டிப்ளமோ முடித்து வேலை இல்லாமல் வீட்டில் இருந்தான். காலையில் அப்பா கூட ரப்பர் பால் வெட்டப் போவான், அப்புறம் முழுநாளும் போன். முதலில் ஜிம் ரீல்ஸ் பார்த்தான். அதற்கடுத்து, 'காசு சம்பாதி, பெண் தானாக வருவாள்' என்கிற ரகம். அதற்கடுத்து, 'பெண் காசுக்குத்தான் வருவாள்' என்பது. கடைசியில் பெண்களை ஆளத் தெரிந்தவன்தான் ஆம்பளை என்று ஆங்கிலத்தில் ஒருத்தன் பேசுவதற்குத் தமிழில் டப்பிங் கொடுத்தது. அவன் எதையும் தேடிப் போகவில்லை, அதுவாக வந்துகொண்டே இருந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் கென்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சொல்கிறது. பையன்கள் பார்க்கிற மாதிரி டிக்டாக் கணக்குகளைத் தொடங்கி ஓடவிட்டுப் பார்த்தார்கள். பெண்களை இழிவாகப் பேசும் வீடியோக்கள் ஐந்தே நாளில் 13 சதவீதத்திலிருந்து 56 சதவீதம் ஆகிவிட்டன. டிக்டாக் இங்கே 2020 ஜூனிலேயே தடை. ஆனால் ரீல்ஸும் ஷார்ட்ஸும் அதே வேலையைத்தான் பார்க்கின்றன.

இதெல்லாம் ஏன் உள்ளே இறங்குகிறது? நம்ம பக்கம் பெண்கள் நர்சிங் படித்து வெளிநாடு போகிறார்கள். வேலை இல்லாத பையனுக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை. அந்த அவமானத்துக்கு ஒரு எதிரி தேவைப்படுகிறது. ரீல்ஸ்காரன் காட்டுகிற எதிரி, பக்கத்து வீட்டு நர்ஸ். வேலை ஏன் இல்லை என்று அவன் பேச மாட்டான், அதற்கு லைக் வராது.

அவனை நல்லவன் ஆக்க நான் இதைச் சொல்லவில்லை. அவன் போட்ட கமெண்டுகளைப் பார்த்திருக்கிறேன், அசிங்கம்தான்.

பார்வதிபுரம்_பாலம் | சனி, காலை 9:30

தம்பி சொல்வதில் இருக்கிற வேதனையை யாரும் கவனிக்க மாட்டேன் என்கிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம். பெண்ணுக்கு இலவச பஸ், மாதம் ஆயிரம் ரூபாய், உள்ளாட்சியில் 50 சதவீதம். பையன்களுக்கு என்ன? போதாததற்குப் பொய் கேஸ் பயம். இப்படி அழுத்தினால் எங்கேயாவது வெடிக்கத்தான் செய்யும்.

கணக்கு_டீச்சர் | சனி, காலை 10:40

வெடிக்கிறது சரி அண்ணே, அது ஏன் எப்போதும் பக்கத்து வீட்டுப் பெண் மேலேயே வெடிக்கிறது? வேலை கொடுக்காத கம்பெனி மேல் ஒரு மீம்கூட நான் பார்த்ததில்லை.

இலவச பஸ் பேச்சு என் ஒன்பதாம் வகுப்பிலும் வந்தது. "பொம்பளைங்களுக்கு எல்லாமே ஓசி டீச்சர்" என்றான் ஒருத்தன். நான் உபதேசம் பண்ணவில்லை. பண்ணினால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு ரீல்ஸ்காரனிடமே திரும்பிப் போய்விடுவான்கள். கணக்குப் போடச் சொன்னேன். உங்கள் அம்மா அண்டியாபீசுக்கோ (முந்திரி ஆலை) துணிக்கடைக்கோ வேலைக்குப் போகிறார்களா, 2021 மே மாதம் இலவச பஸ் வருவதற்கு முன்னால் ஒரு நாளைக்கு பஸ்சுக்கு எவ்வளவு ஆயிற்று, மாதத்துக்கு எவ்வளவு, இப்போது அந்தக் காசு எங்கே போகிறது, வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வா என்றேன். மறுநாள் நோட்டில் என்ன இருந்தது தெரியுமா? டியூஷன் பீஸ். அவனுடைய போன் ரீசார்ஜ். ஒருத்தன் நோட்டில் அப்பாவின் சுகர் மாத்திரை. 'ஓசி' என்று சொன்னவன் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் வேறு ஏதோ சொன்னான், அது வேறு கதை. ஒரு பீரியடில் யாரும் மாறிவிட மாட்டார்கள். ஆனால் வீட்டில் அம்மாவிடம் வரவு செலவு பற்றி முதல் தடவையாகக் கேட்டவன்கள் பாதிப் பேர்.

பையன்களின் வேலையில்லாத பிரச்சினையைத் தனியாக ஒரு இழை போட்டுப் பேசலாம், நானும் வருகிறேன். மீமுக்கு அதைச் சமாதானமாகக் கொண்டுவராதீர்கள்.

கோர்ட்_வாசல் | சனி, மதியம் 2:15

வக்கீல் என்பதால் சட்டப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

அந்த பி.எட். பெண்ணுக்கு நடந்தது 'வெறும் கிண்டல்' இல்லை. ஒரு பெண்ணின் கண்ணியத்தைக் கெடுக்கும் நோக்கில் பேசுவது, காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த புதுச் சட்டம்) 79ஆவது பிரிவில் வரும். மூன்று வருடம் வரை சிறை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்தொடர்வது, ஆன்லைனில் கண்காணிப்பது 78. படத்தை ஆபாசமாக மார்பிங் பண்ணியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67 கூடவே சேரும். யாராவது அதே சட்டத்தின் 66ஏ என்று சொன்னால் நம்பாதீர்கள், அதை உச்ச நீதிமன்றம் 2015இலேயே ரத்து செய்துவிட்டது.

"நான் எழுதவில்லை, பார்வேர்டுதான் பண்ணினேன்" என்பார்கள். எஸ்.வி. சேகர் வழக்கைக் காட்டுங்கள். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய, வேறொருவர் எழுதிய பதிவை 2018இல் பேஸ்புக்கில் பகிர்ந்தார். உச்ச நீதிமன்றம் வரை போயும் வழக்கு ரத்தாகவில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அட்மின் விஷயம் வேறு. உறுப்பினர் போட்ட பதிவுக்காக மட்டும் அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. பம்பாய் உயர் நீதிமன்றமும் அப்படித்தான் பார்த்தது. ஆகவே அட்மினை கேஸ் என்று மிரட்டிப் பயனில்லை, பேசித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

எல்லோரும் முதலில் செய்கிற காரியம் அழிப்பது. அதைச் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவர் நம்பர், தேதி, நேரம், குழுவின் பெயர் தெரிய வேண்டும். குழு உரையாடலை (சாட்) எக்ஸ்போர்ட் பண்ணி வையுங்கள். பேஸ்புக், இன்ஸ்டா என்றால் இணைப்பு முகவரியும் வேண்டும். முடிந்தால் படம் வந்த அந்த போனையே மாற்றாமல் வைத்திருங்கள். இதெல்லாம் கையில் வந்த பிறகு அட்மின் அழிக்கட்டும். குழுவில் இருக்கிற வேறு ஒருத்தர் இதைச் செய்து கொடுத்தால் அந்தப் பெண் திரும்பத் திரும்ப அதைப் பார்க்க வேண்டியதில்லை.

புகாரைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் போடலாம். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படங்கள் என்றால் பெயர் சொல்லாமலும் போடலாம், ஆனால் பெயரோடு கொடுத்தால்தான் தொடர்ந்து விசாரிக்க முடியும். நேரில் போனால் எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது, எந்த ஸ்டேஷனிலும் வாங்க வேண்டும். இந்த மாதிரிப் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவள் வீட்டுக்குத்தான் வர வேண்டும், ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அவசரம் என்றால் 181 அல்லது 112.

அந்தரங்கப் படம் என்றால் ஸ்டாப் என்சிஐஐ என்று ஒரு தளம் இருக்கிறது. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஒரு அடையாளக் குறியீடு உருவாக்கி, அதை மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குக் கொடுக்கிறார்கள், அங்கே அது ஏறாமல் தடுக்க. போனிலிருந்து போனுக்குப் போகிற பார்வேர்டை அது நிறுத்தாது.

பெயர்_வேண்டாம் | சனி, மதியம் 2:50

சார், கேஸ் கொடுத்தால் பெயர் வெளியே வராதா? அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை விஷயத்தில் எஃப்ஐஆரே வெளியே வந்ததே.

கோர்ட்_வாசல் | சனி, மாலை 4:02

வந்தது, மறைக்க முடியாது. 2024 டிசம்பரில் அது நடந்தபோது சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தனிக் குற்றம். நடைமுறையில் ஓட்டை இருக்கிறது. அதனால் புகாரில் எதை எழுதுவது, யார் மூலமாகக் கொடுப்பது என்று வக்கீலோடு உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போங்கள் என்பேன்.

மறுபக்கத்தையும் பாருங்கள். நம்ம நாகர்கோவிலில் 2020 ஏப்ரலில், பெண்களோடு சமூக வலைத்தளத்தில் பழகி, படம் வைத்து மிரட்டிய வாலிபர் கைதானார். முதலில் துணிந்து புகார் கொடுத்தது சென்னைப் பெண் டாக்டர் ஒருவர். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். 2023 ஜூனில் ஆயுள் தண்டனை. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை, 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் கடைசி வரை யாரோ நின்றிருக்கிறார்கள், அது இல்லாமல் இது நடக்காது.

பார்வதிபுரம் அண்ணனின் பொய் கேஸ் பயத்துக்கும் ஒரு வரி. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்ததும் கைது செய்யக் கூடாது, காரணம் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. மீம் போடாதவன் பயப்பட வேண்டியதில்லை.

அமீரகத்து_நாஞ்சிலான் | சனி, இரவு 8:30

நான் ஒரு ஊர்க் குழுவுக்கு அட்மின். இங்கே இருந்துகொண்டு நடத்துகிறேன். என் கஷ்டத்தையும் கேளுங்கள். மீம் போடுகிறவன் என் சித்தப்பா மகனாக இருப்பான். தூக்கினால் மறுநாள் போட்டிக் குழு ஒன்று தொடங்குவான், ஊரில் பாதி அங்கே போகும். லீவுக்கு வந்தால் கல்யாண வீட்டில் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும். ஒருத்தரும் நமக்காகப் பேச மாட்டார்கள்.

சாயாக்கடை | சனி, இரவு 8:41

அரசியல் பார்வேர்டு போட்டால் இரண்டு நிமிஷத்தில் தூக்குகிறீர்களே, அவன் சித்தப்பா மகன் இல்லையா?

அமீரகத்து_நாஞ்சிலான் | சனி, இரவு 8:44

அதுக்கு எல்லோரும் சப்போர்ட் பண்ணுவாங்க மக்கா.

குளச்சல்_காற்று | சனி, இரவு 9:15

அண்ணன் அவரே பதில் சொல்லிவிட்டார். அரசியல் பார்வேர்டுக்கு எதிராக உடனே நாலு பேர் எழுதுகிறார்கள், அதனால் அட்மினுக்குத் தைரியம் வருகிறது. பெண் விஷயத்தில் அந்த நாலு பேர் வாய் திறப்பதில்லை. முதல் அரை மணி நேரத்தில் ஒரு ஆண், ஊரில் கொஞ்சம் மதிப்புள்ள ஆள், "இது வேண்டாம், பள்ளத்தைப் பற்றிப் பேசு" என்று எழுதினால் போதும், பெரும்பாலும் நிற்கும். நீளமாக எழுத வேண்டாம், 'உன் அம்மா தங்கச்சியை நினைத்துப் பார்' வசனமும் வேண்டாம். அவள் யாருக்கும் தங்கச்சியாக இல்லாவிட்டாலும் அவள் கேட்ட பள்ளம் பள்ளம்தான்.

போட்டவனிடம் தனியாகப் பேசுவதை ரப்பர்பால் தம்பி மாதிரி அவன் செட்டு ஆட்கள்தான் செய்ய முடியும். நாங்கள் பேசினால் கிழவன் பேச்சு.

ஓய்வு_தாசில்தார் | ஞாயிறு, காலை 7:00

மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. 1822இலிருந்து கல்குளம், இரணியல் பக்கங்களில் மேலாடை அணிந்த பெண்களைச் சந்தையில் வைத்துத் தாக்கி, துணியைக் கிழித்தார்கள். பல பத்தாண்டுகள் போராடி, 1859 ஜூலை 26இல்தான் திருவிதாங்கூர் அரசின் பிரகடனம் வந்தது. அந்தப் பெண்களின் வழிவந்தவர்கள் நாம். வாட்ஸ்அப்பில் நாலு வரிக்குப் பயந்து ஒதுங்கலாமா? துணிந்து நிற்க வேண்டும்.

கணக்கு_டீச்சர் | ஞாயிறு, காலை 9:20

சார், மரியாதையோடு சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் துணிய வேண்டியது பெண்ணாகவே இருக்கிறது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாவது ஆண்டு விழா நடந்ததே, இரண்டு மாநில முதலமைச்சர்களும் வந்தார்கள். அன்றைக்கு ஸ்டேட்டஸில் அந்தப் படத்தை வைத்தவர்களில் எத்தனை பேர் இந்த மாதிரி மீமுக்குச் சிரிக்கிற பொம்மை போடுகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் போராட்டத்திலும் பெண்கள் தனியாக நிற்கவில்லை. திருச்சபை பக்கத்தில் நின்றது, பள்ளிக்கூடம் பக்கத்தில் நின்றது, வீட்டு ஆண்கள் அடி வாங்கினார்கள், மனு மேல் மனு எழுதினார்கள். அந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வு_தாசில்தார் | ஞாயிறு, காலை 9:55

ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். மனு எழுத வேண்டுமானால் சொல்லுங்கள், அந்த வேலை எனக்குத் தெரியும்.

ரப்பர்பால் | ஞாயிறு, மதியம் 12:10

மேலே சொன்ன கூட்டாளியிடம் நேற்று இந்த இழையைக் காட்டினேன். பெயர்_வேண்டாம் அக்கா எழுதியதை மட்டும் முழுசாகப் படித்தான். "டைப்ரைட்டிங் கிளாஸ் வரைக்கும் நிற்கும் என்று தெரியாதுல்லா" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவன் திருந்திவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன், ராத்திரி அதே ரீல்ஸைத்தான் பார்த்திருப்பான். 'விருப்பமில்லை' என்று அழுத்தி அழுத்தி அந்த ரகத்தைக் குறைக்கலாம் என்று மட்டும் காட்டிக் கொடுத்தேன்.

முன்னாள்_வார்டு | ஞாயிறு, இரவு 9:35

எங்கள் குழு அட்மினிடம் இன்று சாயங்காலம் நேரில் போய்ப் பேசினோம். ஊக்குநர் பெண், நான், பால் சொசைட்டி செக்ரட்டரி (ஆண்தான், ஊரில் பேச்சு எடுபடும்), அப்புறம் என் வீட்டுக்காரர். அட்மின் முதலில் இழுத்தார். தாசில்தார் சார் எழுதிக் கொடுத்ததைக் காட்டினோம். இரண்டு வார்த்தையை மாற்றிக்கொண்டு குழு விவரத்தில் ஒட்டிவிட்டார். வேறு குழுக்களுக்கும் உதவும் என்பதால் இங்கே போடுகிறேன்:

"இந்தக் குழு ஊர் விஷயங்களுக்கு மட்டும். கேள்வி கேட்டவரின் கேள்விக்குப் பதில் சொல்லலாம், மறுக்கலாம். அவர் உடம்பு, குடும்பம், நடமாட்டம் பற்றிய பேச்சோ படமோ போட்டால் பதிவு அழிக்கப்படும், போட்டவர் ஒரு மாதம் நீக்கப்படுவார். அழிப்பதற்கு முன் பாதிக்கப்பட்டவருக்கு ஸ்கிரீன்ஷாட் கொடுக்கப்படும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அதைப் பற்றிக் குழுவில் விவாதம் கிடையாது. அட்மின்கள் மூவர், அதில் இருவர் பெண்கள்."

கடைசி வரிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஊக்குநரும் சொசைட்டிப் பெண்ணும் அட்மின் ஆகியிருக்கிறார்கள். தேர்தலில் நிற்பது பற்றி இருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை. பி.எட். பெண் நிற்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள், நான் மறுபடி கேட்கப் போவதில்லை. ஆனால் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகிறோம்.

பள்ளத்தை இன்னும் மூடவில்லை.

பார்வதிபுரம்_பாலம் | ஞாயிறு, இரவு 9:58

விதி நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். ஆண்களின் குடும்பத்தை இழுத்துப் பேசினாலும் இதே விதிதானே?

முன்னாள்_வார்டு | ஞாயிறு, இரவு 10:03

இதே விதிதான். 'அவர்' என்றுதானே போட்டிருக்கிறோம். உங்கள் குழுவிலும் ஒட்டிவிட்டு இங்கே சொல்லுங்கள் அண்ணே.